கல்வெட்டு எந்தப் பக்கம் பார்க்கணும்?

எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறையோடு புதுக் கட்டடம் வரப்போகிறது என்றதும் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். கடலூர் பக்கம் கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே, கடலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற ஊர். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் தரப்பில் நானும் இருக்கிறேன் என்பதால் இடம் குறிக்கிற அன்று போயிருந்தேன். கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போட்டிருந்தார்கள். மைதானத்தின் மேற்கு ஓரத்தில், ரோட்டை ஒட்டி, ரோட்டுக்கு இணையாக நீளவாட்டில். அதாவது இரண்டு வகுப்பறையின் நீளச் சுவரும், அதில் வரும் ஜன்னல்களும் நேராக மேற்கு வெயிலைப் பார்க்கும். தாழ்வாரம் கிழக்கே, மைதானத்தைப் பார்த்து. ஏன் இப்படி என்று கேட்டேன். கூட நின்றவர்களில் ஒருவர் சொன்னார்: "கல்வெட்டு ரோட்டைப் பார்த்துத்தானே சார் வைக்கணும்?"

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அரசு நிதியில் ஒரு கட்டடம் வந்தால் யார் ஒதுக்கினார், யார் திறந்து வைத்தார், எந்த வருஷம் என்பதெல்லாம் ஊர் பார்க்கத் தெரியவேண்டும், அடுத்த தடவை நிதி கேட்டுப் போவதற்கும் அது உதவும். எனக்குப் புரிகிறது. ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. சொந்த வீடு கட்டும்போது வாசல் எந்தத் திசை, அடுப்படி எந்த மூலை என்று வாஸ்துக்காரருக்குக் காசு கொடுத்துக் கேட்கிற ஜனம் நாம். அறுபது எழுபது பிள்ளைகள் வருஷம் முழுக்க உட்காரப் போகிற கட்டடத்துக்கு, வெயில் எந்தப் பக்கம் விழும், காற்று எந்தப் பக்கம் வரும் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அதற்கப்புறம் கடலூரிலிருந்து புதுச்சேரி போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பள்ளிக் கட்டடங்களைத்தான் பார்த்துக்கொண்டு போகிறேன். ரோடு எந்தப் பக்கமோ கட்டடமும் அந்தப் பக்கம். அறையின் அளவும் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஊட்டிக்கும் தர்மபுரிக்கும் கடலூருக்கும் ஒரே வரைபடம்.

மேற்கு வெயில் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நாம் இருப்பது ஏறக்குறைய 11.7 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரம் ஒரு தடவை, ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ஒரு தடவை மதியச் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். நடுவில் இருக்கிற மாதங்களில் மதியச் சூரியன் கொஞ்சம் வடக்கே சாயும், மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குச் சுவருக்கும் தெற்குச் சுவருக்கும் உச்சி வேளையில் வெயில் உயரத்திலிருந்து இறங்குவதால் இரண்டடி சன்ஷேடே பெரும்பாலும் தடுத்துவிடும். மேற்கு வெயில் அப்படியில்லை. ஜூன் மாதம் மூன்றரை மணிக்குச் சூரியன் தரையிலிருந்து நாற்பது டிகிரி உயரத்துக்கு இறங்கியிருக்கும். அந்தக் கோணத்தில் இரண்டடி சன்ஷேடு ஜன்னலில் பாதியைக்கூட மறைக்காது. அந்த வரிசை பெஞ்சுப் பிள்ளைகள் நோட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கணக்குப் பாடம் கேட்பார்கள்.

இதோடு கூரை. சிமெண்ட் சிலாப் காலையிலிருந்து வெயிலைக் குடித்துச் சில மணி நேரம் கழித்துத்தான் அடிப்பக்கம் சூட்டைக் கக்கும். பன்னிரண்டு மணி வெயில், மதிய உணவு முடிந்து பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு தலையில் இறங்குகிறது. ஃபேன் போட்டால் மேலே தேங்கி நிற்கிற சூடான காற்றைத்தான் கீழே தள்ளும். ஜூனில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக வீசுகிற நாட்களில் கடற்காற்று உள்ளே வரவே மதியம் தாண்டிவிடும், சில நாள் அதற்கும் மேலே. 2023இல் வெயிலுக்காகத் தமிழ்நாட்டில் பள்ளி திறப்பை ஜூன் 12க்கும், சின்னப் பிள்ளைகளுக்கு ஜூன் 14க்கும் தள்ளிவைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு அவர்கள் போய் உட்காருகிற அறை எப்படி இருக்கிறது என்பது அப்போது பேச்சிலேயே வரவில்லை.

கீற்றுக் கொட்டகை போன பிறகு

கூரை பற்றி இந்த மாநிலத்தில் யார் பேசினாலும் கும்பகோணத்தைத் தாண்டிப் பேச முடியாது. 2004 ஜூலை 16, 94 குழந்தைகள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று வந்தது, அதில் வாதமே கிடையாது. "கீற்றுக் கொட்டகைதான் குளிர்ச்சி, பழையபடி அதைப் போடலாம்" என்று யாராவது இயற்கை ஆர்வலர் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் அந்தப் பயத்தில் நாம் செய்தது, எரியாத கூரை எதுவோ அதுவே நல்ல கூரை என்று முடிவு கட்டியது. முதலில் பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு வந்தது. அதன் தூசு நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பது உலகத்துக்கே தெரிந்த பிறகும் வந்தது. அப்புறம் மொட்டை சிலாப். கீற்று ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது, சூட்டை உள்ளே விடாமல் நிறுத்தியது. அந்த வேலையை இனி எது செய்யும் என்று யாரும் கேட்கவில்லை.

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், எல்லாப் பருவநிலைக்கும் ஏற்ற கட்டடம், ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் என்று கேட்டிருக்கிறார்கள். நம் ஊரில் நடைமுறையில் இதற்கு அர்த்தம் மழை ஒழுகக் கூடாது, அவ்வளவுதான். வருஷத்தில் பாதி நாள் இங்கே பருவமே வெயில்தான் என்பது கணக்கில் வரவில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் செத்துப்போன பிறகு பழைய கட்டடங்களை இடிக்கச் சொன்னார்கள், அடுத்த வருஷமே பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்து ஆண்டுக்கு 7,000 கோடி ரூபாயில் 18,000 வகுப்பறை கட்டுவதாகத் திட்டம் வந்தது. இத்தனை ஆயிரம் அறை புதிதாக எழும்புகிற காலம் நமக்கு அடிக்கடி வராது. இப்போது மேற்கே பார்த்து வைத்தால் அடுத்த நாற்பது வருஷத்துக்கு அது மேற்கேதான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதைச் சொன்னால் சிலர், "நாங்கள் எல்லாம் அந்த மாதிரி ரூமில் படித்துத்தானே வந்தோம்" என்பார்கள். வந்தோம், ஆனால் மரம் இருந்தது. நான் படித்த கட்டடமும் மேற்கே பார்த்ததுதான், அதன் முன்னால் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது, மூணு மணிக்கு மேல் எங்கள் வகுப்புக்கு வெயிலே தெரியாது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் எப்படிச் சாய்ந்தன என்று எல்லாரும் எழுதினார்கள். பள்ளிக்கூட மைதானங்களில் சாய்ந்த வேம்பையும் வாகையையும் தூங்குமூஞ்சியையும் யார் கணக்கெடுத்தார்கள்? அந்த வருஷம் வரைக்கும் எத்தனையோ மோசமான கட்டடங்களை அந்த மரங்கள்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தன. மரம் போனதும் கட்டடத்தின் யோக்கியதை தெரிந்துவிட்டது. பதிலுக்கு ஒவ்வொரு சுற்றுச்சூழல் தினத்தன்றும் மரக்கன்று நடுகிறோம், கூண்டில் பெயர்ப்பலகை தொங்குகிறது, லீவு விட்டதும் ஆடு தின்கிறது.

புதுச்சேரியில் ஒரு கான்கிரீட் கட்டடம்

கான்கிரீட் என்றாலே சூடு, பழைய கால சுண்ணாம்புக் காரையும், மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையும்தான் நல்லது என்று பேசுகிற கட்சியிலும் நான் இல்லை. மிஷன் வீதியில் 1877இல் தொடங்கின கலவைக் கல்லூரி என்கிற பழைய பள்ளி மாதிரி உயரமான கூரை, தடித்த சுவர், தாழ்வாரம் எல்லாம் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, இன்றைக்கு ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்கு அந்தக் கனத்தில் யார் சுவர் வைக்கப் போகிறார்கள்? ஆனால் அதே புதுச்சேரியில் கான்கிரீட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வரைந்தது, ஜார்ஜ் நாகஷிமா கூடவே இருந்து கட்டுவித்தது, 1930களில் தொடங்கி 1940களில் முடிந்தது. இந்தியாவில் வலுவூட்டிய கான்கிரீட்டில் வந்த முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்று. ஏசி கிடையாது. அதில் செய்திருப்பது இவ்வளவுதான்: நீள முகம் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கும், அந்த முகம் முழுக்கச் சுவருக்குப் பதில் திருப்பக்கூடிய பட்டைப் பலகைகள், மழைக்கு மூடலாம், காற்றுக்குத் திறக்கலாம், உள்ளே காற்று போகிற மாதிரி தேக்கில் தள்ளுகதவு, மேலே சிலாபுக்கு மேல் இன்னொரு வளைந்த கான்கிரீட் ஓடு, நடுவில் காற்று போக இடைவெளி. வெயில் மேல் ஓட்டோடு நின்றுவிடும். (அந்தப் பட்டைப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் செய்தவை, அதை இன்று யாரும் பின்பற்ற வேண்டாம்.) எண்பது வருஷம் கடற்காற்றில் நின்றுகொண்டிருக்கிறது.

அதுமாதிரி பள்ளிக்கூடம் கட்டமுடியாது, காசு இல்லை, சரி. ஆனால் திசைக்குக் காசு கிடையாது என்பதை அந்தக் கட்டடத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க முடியாது. கூரைக்கும் வழி இருக்கிறது. நம் பொதுப்பணித்துறை ஆட்களே காலங்காலமாகச் செய்துவந்தது, சிலாபுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மூன்று அங்குலம் போட்டுக் கட்டையால் அடித்து, மேலே தட்டை ஓடு (தட்டோடு) பதிப்பது. ஒழுகாமலும் இருக்கும், சூடும் குறையும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் செய்த மாதிரி சிலாபுக்குள் ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டை மிச்சம் பிடிக்கலாம். ஆரோவில்லில் ஐந்து சதவீத சிமெண்ட் கலந்து அழுத்தின மண் கல்லில் மாடி வீடே கட்டுகிறார்கள். இவையெல்லாம் எங்கேயோ வெளிநாட்டில் இல்லை, சிலது டவுன் பஸ் போகிற தூரத்திலேயே இருக்கின்றன. அரசின் செலவு மதிப்பீட்டுக்குள் (எஸ்டிமேட்) நுழைவதுதான் பாடு.

எஸ்டிமேட்டில் என்ன இருக்கிறது

சுண்ணாம்புக் கோடு போட்ட அடுத்த வாரம் குழுக் கூட்டம். இளநிலைப் பொறியாளர் வந்திருந்தார், இளைஞர், பொறுமைக்காரர். கட்டடத்தின் நீளவாட்டைக் கிழக்கு மேற்காகத் திருப்பமுடியாதா என்று கேட்டேன். மைதானம் இரண்டாகப் பிளந்துபோகும், பிள்ளைகளுக்கு ஓட இடம் இருக்காது என்றார், அது உண்மைதான். கூரையில் தட்டோடு? இருக்கிறது. ஜல்லி மூன்று அங்குலம்? "சார், எஸ்டிமேட்டில் ஐட்டம் இருந்தா நான் போட்டே ஆகணும், இல்லைன்னா போடவே முடியாது. நீங்க சொல்றதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை." அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு ஒரு விஷயம் தெளிந்தது. இந்த மேற்கு வெயிலுக்கு யாருடைய அறியாமையும் காரணம் இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும், தலைமையாசிரியருக்குத் தெரியும், செங்கல் இறக்க வந்த ஆளுக்கும் தெரியும். அந்தத் தெரிந்ததைக் கொண்டுபோய் வைக்கத் தாளில் ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

அப்போது பேசாமல் உட்கார்ந்திருந்த மேஸ்திரி வரைபடத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "திருப்ப வேணாம் சார், பொரட்டிப் போடுங்க" என்றார். கண்ணாடியில் தெரிகிற மாதிரி அப்படியே இடம் மாற்றினால் தாழ்வாரம் மேற்கே வந்துவிடும், ஜன்னல் சுவர் கிழக்கே போய்விடும். அதே கம்பி, அதே சிமெண்ட், அதே அளவு. பொறியாளர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அளவு மாறலை, ஐட்டம் மாறலை, பண்ணலாம்" என்றார். ஏழடித் தாழ்வாரம் மேற்குப் பக்கம் வந்தால் மணி அடிக்கிற வரைக்கும் வகுப்பறைச் சுவருக்குப் பெரும்பாலும் நிழல்தான். கிழக்கு ஜன்னல்களில் காலை வெயில் விழும், ஆனால் அது சிலாப் சூடேறும் முன்னால் ஓய்ந்துவிடுகிற வெயில். கடற்காற்று வந்தால் நேரே ஜன்னல் வழியாக நுழைந்து தாழ்வாரத்துப் பக்கம் வெளியேறும். கல்வெட்டுக்கும் சௌகரியம், முகப்பே இப்போது ரோட்டைப் பார்த்துத்தானே இருக்கிறது!

எனக்கு வந்த உற்சாகத்தைத் தலைமையாசிரியர் உடனே அடக்கினார். "தாழ்வாரம் ரோட்டுப் பக்கம் வந்தா வகுப்பு விட்டதும் பசங்க எங்கே சார் ஓடுவாங்க? லாரி போற ரோடு." இதற்கு என்னிடம் பதில் இல்லை. வெயிலைப் பற்றிப் படித்துக்கொண்டு வந்த எவனுக்கும் இது தோன்றாது, தினமும் மாலை நாலே காலுக்கு வாசலில் நின்று பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கடத்திவிடுகிற ஆளுக்குத்தான் தோன்றும். கடைசியில் ரோட்டோரச் சுற்றுச்சுவரை முதலில் உயர்த்துவது, தாழ்வாரத்தின் இரண்டு முனையிலிருந்தும் மைதானத்துக்கு மட்டும் வழி, ரோட்டுப் பக்கம் இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர் என்று முடிவானது. சுவருக்கான பணத்தை ஊரில் திரட்டினோம். அந்தக் கூட்டம் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் நடந்தது, சண்டையும் வந்தது, அதை எழுதவேண்டியதில்லை.

கட்டடம் எழும்பும்போது நான் அதிகம் பார்த்தது கம்பியைத்தான். இந்தக் கரையோரத்தில் பள்ளிக் கட்டடங்கள் வயசாகிச் சாவதில்லை, உப்பில் சாகின்றன. காற்றிலிருக்கும் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு ஏறிய கம்பி பருத்து, மேலே இருக்கிற காரையைப் பிள்ளைகள் தலையில் தள்ளும். ஐ.எஸ். 456 என்கிற கான்கிரீட் விதி, கடலோரக் காற்றுபடுகிற கட்டடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்கவேண்டும் என்கிறது, உள்நாட்டில் பாதுகாப்பான இடத்துக்கு 20 போதும். கலக்குகிற தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது. எங்கள் ஊர் போர் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த விதி எதற்கென்று புரியும். கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற சிறு கட்டையை (கவர் பிளாக்) கம்பிக்கு அடியில் சரியான உயரத்தில் வைத்திருக்கிறார்களா என்று நான் குனிந்து பார்ப்பதைச் சென்ட்ரிங் ஆட்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள். சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் சோலார் பலகை பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் குறை. இருபது வருஷத்தில் இடித்துக் கொட்டவேண்டிய கட்டடத்தின் மேல் எத்தனை பலகை வைத்தும் என்ன பிரயோசனம்?

ஜன்னல் கதை இன்னும் முடியவில்லை. கட்டடம் திறந்து பாடம் தொடங்கிய கையோடு ஸ்மார்ட் போர்டு வந்தது. காலை வெளிச்சத்தில் திரை கண்ணைக் கூசுகிறது என்று கிழக்கு ஜன்னல்களை மூடிவிட்டார்கள். நாற்பது பேர் மூச்சு விடுகிற அறையில் ஜன்னலை மூடினால் காற்று கனத்துவிடும், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், அதற்குப் பாடம் பிடிக்கவில்லை என்று பேர். திரையை வடக்குச் சுவருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறோம், பிளக் பாயிண்ட் தெற்குச் சுவரில் இருக்கிறது. (சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து ஆட்களிடம் போய் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அவர்கள் மூடுவதற்குக் காரணம் வேறு.)

இப்போது மேலே ஒரு மாடி போடப் பேச்சு நடக்கிறது. வெள்ளம் வந்தால் எங்கள் ஊரே பள்ளிக்கூடத்தில்தான் வந்து படுக்கும், 2015இலும் அப்படித்தான், 2024இல் ஃபெஞ்சல் மழைக்குப் பெண்ணையாற்றில் தண்ணீர் வந்தபோதும் அப்படித்தான் நம் மாவட்டத்தில் பல ஊர். அதனால் மாடி வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே கட்சி. முதல் வரைவில் மாடிப்படியையும் கழிப்பறையையும் தென்கிழக்கு மூலையில் வைத்திருக்கிறார்கள். தென்கிழக்கிலிருந்துதான் எங்களுக்குச் சாயங்காலக் காற்று, கழிப்பறை வாசனையோடு அது எல்லா வகுப்புக்குள்ளும் போகும். வடமேற்கு மூலைக்கு மாற்றக் கேட்டுக் குழுவில் தீர்மானம் எழுதிவிட்டோம். இந்தத் தடவை மேல் சிலாபுக்குச் செங்கல் ஜல்லி மூன்று அங்குலம் என்று ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம், பொறியாளரே எந்த வரி எண் என்று பார்த்துக் கொடுத்தார். மதிப்பீடு இன்னும் கையெழுத்தாகவில்லை.